காற்று வீசிய பக்கத்துக் கதிர்கள்

ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. அடித்த விதத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, வந்திருப்பது தம்பிதான்.

ஆறு வருஷம் வேலை தேடி அலைந்து, போன மாதம்தான் வேளாண் அமைச்சரின் உதவியாளராக ஒட்டிக்கொண்டிருந்தான். அவளோ மரபணு மாற்றிய பயிர்களைச் சோதித்து, அனுமதிக்குப் பரிந்துரைக்கும் குழுவின் தலைவி. எதையும் துருவித் துருவிப் பார்ப்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்த புண்ணியவானும் இவன்தான்.

மூச்சிரைக்க வந்தவன் அனுமதிக் கோப்பை மேஜையில் வைத்தான். புது மக்காச்சோளத்துக்கு அனுமதி என்று அமைச்சர் பன்னிரண்டு மணிக்குச் சட்டசபையில் அறிவிக்கப்போகிறார். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வெறுங்கையோடு போனால் அவன் வேலைக்கே உலை வைத்துவிடுவார்.

"நல்ல பயிர்னு நீதானேக்கா சொன்னே?"

"இப்பவும் சொல்றேன்டா. புழு அண்டலை, மருந்தே அடிக்கலை. கதிர் பறிச்ச இடம்தான் தப்பு."

அவனை இழுத்துப்போய்த் தட்டில் இருந்த கதிர்களைக் காட்டினாள். சோதனை வயலில் புதுப் பயிருக்கு மஞ்சள் மணி. சுற்றிலும் விதைத்தது வெள்ளை மணி மக்காச்சோளம். வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணி தெரிந்தால் மகரந்தம் அதுவரை பறந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வயலுக்கு இருநூறு மீட்டர் இடைவெளி போதும் என்று அறிக்கை எழுதியவர்கள், பாதை பக்கத்தில் இருக்கிறதென்று மேற்கே மட்டும் கதிர் பறித்திருக்கிறார்கள். பூக்கும் மாதத்தில் காற்று அடித்ததோ கிழக்கு நோக்கி. நேற்று அவள் கிழக்கே முந்நூறாவது மீட்டரில் பறித்த கதிர்களில் மஞ்சள் மணிகள் பல்லை இளித்தன. இன்னொரு பருவம் பார்த்துத்தான் இடைவெளியை முடிவுசெய்ய முடியும்.

அப்படியானால் பக்கத்து வயல்காரர் கேட்காமலே அவர் மக்காச்சோளத்தில் இது கலந்துவிடுமா என்று கேட்டான். கலந்துவிடும் என்றாள்.

மணி பதினொன்றே கால். வேலைக்கென்று வாங்கிய புதுச் சட்டையில் வேர்த்து வழிய நின்றான் தம்பி. அவளுக்கு மனசு கேட்கவில்லை. இவனை மறுபடி தெருவில் நிறுத்துவதா? பேனாவைத் திறந்தாள்.

தம்பி சட்டென்று கோப்பின் மேல் கையை விரித்து வைத்தான்.

"சின்னக் குறை இருந்தாலும் எங்கக்கா உயிரே போனாலும் கையெழுத்துப் போடமாட்டான்னு அமைச்சர்கிட்ட அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன், இப்பப் போட்டு என் மானத்தை வாங்கிடாதேக்கா."