மலையேறிய புள்ளி

தையல்கடைக்காரர் மலை சைக்கிள் வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை அதில் அதிகமாக ஏறியது அவரில்லை, துவைத்த துணிதான். எப்போதாவது காட்டுப் பாதைக்குப் போவார். முதல் ஏற்றத்திலேயே நாக்குத் தள்ளித் திரும்பி வந்துவிடுவார். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களையெல்லாம் நிற்கவைத்து, மலையில் கியர் மாற்றுவது எப்படி என்று வகுப்பெடுப்பார்.

அன்று காலை மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கும் உச்சிக்குப் போகாம பாதியில திரும்பினீங்கன்னா, சைக்கிள் என் தம்பிக்கு. போன்ல லொகேஷனைப் போட்டுட்டுப் போங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்."

மச்சினனோ ஏற்கெனவே சைக்கிள் சீட்டின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்து அளந்துகொண்டிருந்தான். "டயரை ரொம்பத் தேய்ச்சுடாதீங்க மாமா" என்றான். தையல்கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோட்டுத் தோளுக்கு வைக்கும் பஞ்சைப் பின்பக்கம் வைத்துத் தானே தைத்த கால்சட்டையோடு காட்டுக்குள் நுழைந்தார். தொடக்கத்தில் சுகமாகத்தான் இருந்தது. சக்கரத்தடியில் சருகு நொறுங்கியது, காற்று குளிர்ந்தது. இந்தக் காட்டையே தனக்காகத்தான் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பிறகு பாதை வேரும் கல்லுமாக நிமிர்ந்தது. ஒற்றையடித் தடம் லாரிப் பாதையில் போய்ச் சேர்ந்தபோது, அவர் சைக்கிளை ஓட்டவில்லை, கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

அங்கே, உச்சியில் மரம் ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று இன்ஜின் ஆறுவதற்காக நின்றிருந்தது. டிரைவர் முன்பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உச்சிக்குப் போகாவிட்டாலும் போன மாதிரி ஒரு படமாவது இருக்கட்டுமே என்று, தையல்கடைக்காரர் போனை லாரியின் பின்பலகையில் சாய்த்து டைமர் வைத்தார். ஓடிப்போய்ச் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிரித்தார். லாரி கிளம்பிவிட்டது.

"அண்ணே, என் போன்" என்று கத்தினார். தூக்கிய சைக்கிளை இறக்குவதற்கே நேரம் பிடித்தது. விழுந்தடித்து மிதித்தார். முதல் வளைவைக்கூட எட்டவில்லை, நிஜமாகவே விழுந்தார். பஞ்சு வைத்த பக்கமாக விழுந்தது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது.

இறங்கும்போது லாரி இந்த வழியாகத்தானே வரவேண்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்தார். எறும்பு கடித்தது. இடம் மாறி உட்கார்ந்தார், அங்கேயும் கடித்தது. சைக்கிள் கைவிட்டுப் போனது போனதுதான் என்று தோன்றியது. மச்சினன் அதில் தெருவைச் சுற்றி வருவதை நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருவழியாக லாரி மரக்கட்டைகளோடு இறங்கி வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார்.

"உங்களுதா? பின்னாடி கிடந்துச்சு. ஒரு அம்மா கூப்பிட்டாங்க. 'மூச்சு வாங்குதா'ன்னு கேட்டாங்க. கட்டை தூக்கிக்கிட்டு இருந்தேன், ஆமான்னேன். 'உச்சிக்கே வந்துட்டீங்களா'ன்னாங்க. அதுக்கும் ஆமான்னேன். உடனே அழ ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, வச்சுட்டேன்."

தையல்கடைக்காரர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"ஏங்க, மேப்ல உங்க புள்ளி உச்சி வரைக்கும் ஒரு இடத்துலகூட நிக்கலையேங்க" என்றாள் மனைவி. "எல்லாரும் சுத்தி உக்காந்து பார்த்தோம். தம்பி முகத்துல ஈயாடல. சைக்கிள் உங்களுக்குத்தான், யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் குரலில் இப்படி ஒரு பெருமையைக் கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டதேயில்லை. நாக்கு நுனி வரை வந்த உண்மையை அப்படியே விழுங்கினார்.

"அது ஒண்ணும் பெரிய ஏத்தமில்ல" என்றார்.

"ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் கார்ல உச்சிக்கு வந்து நிக்கப்போறோம். நீங்க ஏறி வர்றதைத் தம்பி கண்ணால பார்க்கணுமாம். வீடியோவும் எடுக்கப்போறான்."

டிரைவர் கியரைப் போட்டார். தையல்கடைக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலருகே ஓடினார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை லாரி ஓடுமா? கடைசி வளைவுக்கு முன்னாடி இறக்கிவிட்டா போதும்."