கக்கூசுக்குள் நெல்

"வீட்டில கக்கூசு இருக்கா அம்மா?" என்று டொக்டர் கேட்டபோது கேதீஸ்வரி, "ஓம்" என்றாள். பொய்யில்லை. இருக்கிறதுதான். கல், கொங்கிறீட்டு, இரும்புக் கதவு. யாரோ புண்ணியவான்கள் கட்டிக்கொடுத்தது. உன்னிச்சைக் கிராமத்தில் அவளுடைய களிமண் வீட்டுக்குப் பக்கத்தில் அது மாளிகை. அதற்குள்ளே இருப்பது ஐந்து மூடை நெல் என்று எந்த வாயால் சொல்வாள்?

மடியில் ஆறு வயது லதுஷிகா துவண்டு கிடந்தாள். டொக்டர் அவளுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"வெறுங்காலோட பத்தைக் காட்டுக்குள்ள போனா காலால புழு ஏறும். ஏறி ரத்தத்தக் குடிக்கும். இது மூண்டாந்தரம். மருந்து தாறன், ஆனா இன்னொரு தரம் வந்தா இந்த உடம்பு தாங்காது."

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். உன்னிச்சை யானைக்கு மணியுமில்லை, மானமுமில்லை. நெல் வாசம் பட்டால் வீட்டுச் சுவரை நெற்றியால் தள்ளிவிடும். மாசியில் அடுத்த வளவுக் கண்ணகையின் சுவர் அப்படித்தான் விழுந்தது. கீழே படுத்திருந்த அவள் புருசன் எழும்பவேயில்லை. மறுநாளே கேதீஸ்வரியின் புருசன் நிலோஜன், வருசச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லைக் கக்கூசுக்குள் அடுக்கினான். யானை வந்து இரண்டு தரம் முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிள்ளைகள் பற்றைப் புதருக்குள் ஒதுங்கப் போனார்கள்.

வீடு வந்ததும் கேதீஸ்வரி ஐந்து மூடையையும் தனியாளாக வீட்டுக்குள் இழுத்துப் போட்டாள். இடுப்பு விட்டுப்போயிற்று. கக்கூசைக் கழுவி மகளை உட்காரவைத்தாள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு! கேதீஸ்வரிக்கு அழுகை வந்தது.

பொழுது சாயமுன் நிலோஜன் வயல் வட்டையிலிருந்து ஓடிவந்தான்.

"குளக்கட்டில ஆறு ஆனை நிக்கிது! நெல்ல ஏன் புள்ள வீட்டுக்க வச்ச? விசரா உனக்கு?"

"இன்னொரு தரம் புழு வந்தா புள்ள செத்துப்போகும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்!"

"செவர் விழுந்தா இண்டைக்கே சாகும்."

அவன்மீது ஆத்திரப்படக்கூட அவளுக்கு வழியில்லை. அவன் மூடையின் ஒரு நுனியைப் பிடித்தான். அவள் மற்ற நுனியைப் பிடித்தாள்.

கடைசி மூடையும் திரும்பக் கக்கூசுக்குள் போய்க் கதவு பூட்டியபோது லதுஷிகா வந்து, "அம்மா, இனி எங்க போற?" என்று கேட்டாள்.

கேதீஸ்வரி பற்றையைக் காட்டினாள்.