பாதி திரும்பிய மூக்கு

எங்கள் திருச்சூர்ப் பக்கத்துக் கோயில் மடப்பள்ளியில், நைவேத்தியம் முடியும்வரை பாயசத்தை நாக்கில் வைக்கக் கூடாது. ஆவியை முகர்ந்தே பக்குவம் பார்க்க வேண்டும். அங்கே பாயசம் கிண்டும் சங்கரன் எம்பிராந்திரியின் உத்தியோகமே அவர் மூக்குதான்; ஊர் அவரை மரியாதையாகத் திருமேனி என்று அழைக்கும். கொரோனா வந்து போனபின் அந்த மூக்குக்கு வெல்லப்பாகு எரிந்த டயராக மணத்தது. மாதங்கள் ஓடியும் மாறவில்லை. நெய்ப்பாயசம் இரண்டு முறை அடிப்பிடித்தது. உற்சவத்துக்குள் தேறாவிட்டால் பாயசம் காய்ச்சும் உருளியை வேறு கைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கமிட்டித் தலைவர் புருஷோத்தம மேனோன் ஆறுதல் சொன்னார்: "ஒரு தடுப்பூசி போதும், திருமேனி. மறுநாளே மூக்கு திறந்துடும்." போன மாதம்வரை ஊசியே சதி என்றவர். தனக்குப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து அதைக் கண்டுபிடித்தவரைப் போலவே நடந்துகொண்டார்.

மருத்துவக் கல்லூரியில், கொரோனாவுக்குப் பின் மணம் மாறிப்போவதை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் லிசம்மா அப்படிச் சொல்லவில்லை.

"மறுபடி தொத்தினா உடம்பு ரொம்பப் படுத்தாம ஊசி காக்கும். மூக்கு விஷயம் வேற. சிலருக்குத் தேறுது, பலருக்கு அப்படியே இருக்கு, ஒண்ணு ரெண்டு பேருக்குக் கோளாறு கூடுது. ஏன்னு எனக்குத் தெரியல. அதுக்குத்தான் ஊசிக்கு முன்னயும் பின்னயும் ரத்தம் கேக்கறேன்."

"தெரியாதுன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன். எடுத்துக்கோங்க," என்று எம்பிராந்திரி கையை நீட்டினார்.

ஊசி போட்டுக்கொண்ட சில வாரங்களில் டயர் நாற்றம் குறைந்தது. மேனோன் உடனே பந்தல் போட்டு, தன் படத்தைப் பெரிதாகவும் ஊசியின் படத்தைச் சிறிதாகவும் அச்சிட்டு, பாராட்டுக் கூட்டம் வைத்தார்.

மேடையில் டாக்டர் சொன்னார்: "இவர் ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி நல்லா ஏறியிருக்கு. மூக்கு தேறினது அதனாலயா, நாள் ஆனதாலயான்னு இப்ப சொல்ல முடியாது. இதே ஊசி போட்ட வேற சிலருக்கு ஒண்ணும் மாறல."

"கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்களேன், டாக்டரே," என்று மேனோன் முணுமுணுத்தார். ஒலிபெருக்கி அதையும் ஊருக்குச் சொன்னது.

"கூட்டினா, இதை நம்பி நாளைக்கு வர்றவர் ஏமாந்துடுவார், சார்."

மேனோன் சமாளித்துக்கொண்டு, "உற்சவப் பாயசம் திருமேனி கையாலதான்," என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் எம்பிராந்திரி எழுந்தார்.

"டாக்டரே ஒளிக்கலை, நான் எதுக்கு ஒளிக்கணும்? பாதி மூக்குதான் வந்திருக்கு. அடிப்பிடிச்சா தெரியுது, ஏலக்காய் தூக்கலா இருந்தா தெரியல. நான் கிண்டறேன். மணம் பாக்க என் தம்பி கூட நிக்கட்டும்."

பூரண குணம் என்று அச்சடித்த பதாகையின் கீழே நின்று, தன் பிழைப்பையே பணயம் வைத்து ஒருவர் இப்படிச் சொல்வதை ஊர் அதுவரை கேட்டதில்லை. கமிட்டியில் யாரும் மறுக்கவில்லை. உற்சவத்தன்று உருளிமேல் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே குனிந்தார்கள்.

பாயசம் நன்றாக இருந்தது. டாக்டர் இரண்டு முறை வாங்கிக் குடித்தார்; இதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.