சுவரைத் தட்டக் கூடாத நேரம்

எங்கள் அபார்ட்மெண்டில் யாருக்கு என்ன ஷிப்ட் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நைட் ஷிப்ட் முடித்து வந்து ஒருவர் தூங்குகிறார் என்றால் பக்கத்து வீட்டில் தேங்காய்கூட உடைக்க மாட்டோம். நெய்வேலியில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அன்புக்கரசி வீட்டுச் சமையலறை மாதக்கணக்கில் ஒழுகியதற்கும் இந்த மரியாதைதான் காரணம். கீழ்த்தளத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் அவள். சொட்டு சரியாகக் கிரைண்டர் மூலையில் விழுந்தது. ஹாலில் வைத்து அரைத்தால், உள்ளே தூங்கும் புருஷன் நெடுமாறன் கத்துகிறார். மாவுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று நழுவினார்கள். நானும்தான் நழுவினேன். வியாபாரம் படுத்துவிடும் என்று அவள் அழுதே விட்டாள், பாவம்.

அழுது முடித்ததும் திட்டுவதற்கு ஆள் வேண்டுமே. நேர் மேல் வீட்டு அகிலா கிடைத்தாள். "கீழ மனுசங்க இருக்கறது மேல இருக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?" மாவு வாங்கிய எல்லோருக்கும் இந்தப் பேச்சு இலவசம். அகிலாவுக்கு மட்டும் மாவே கிடையாது.

பிளம்பர் சுல்தான் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் வெயில் ஏறிவிடும். மேல் வீட்டுச் சுவரை உடைத்தால்தான் குழாய் தெரியும் என்றார். ஒரு வாரம் அகிலாவின் புருஷன் கண்ணையனுக்கு நைட் ஷிப்ட். "அவரு தூங்கறாருங்க" என்று அகிலா கையைப் பிசைந்தாள். இன்னொரு வாரம் நெடுமாறனுக்கு நைட் ஷிப்ட். அன்புக்கரசியே சுல்தானைத் திருப்பி அனுப்பினாள். இருவருமே பகலில் விழித்திருந்த வாரத்தில் சுல்தான் மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

கடைசியில் ஒருநாள் சொட்டு மாவுக் குண்டானிலேயே விழுந்தது. உள்ளே நெடுமாறனின் குறட்டை. அன்புக்கரசி போனை எடுத்தாள்.

"இன்னிக்கே வாங்க பாய். யாரு தூங்கினாலும் சரி."

வேடிக்கை பார்க்க நாங்களும் மேலே ஏறினோம். சுல்தான் மொட்டைமாடியில் அகிலா வீட்டு வால்வை மூடிவிட்டு வந்து சுவரை உடைத்தார். துருப்பிடித்த குழாயிலிருந்து தண்ணீர் அவர் முகத்திலேயே பீய்ச்சியடித்தது. "மூடிட்டுத்தானே வந்தேன்!" என்று முனகியபடி திரும்ப மேலே போய் ஒவ்வொரு வால்வாக மூடினார்.

"நின்னுடுச்சு பாய்!" என்று நாங்கள் கத்தினோம்.

"இது கீழ மாவுக்காரங்க வால்வுங்க!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

டேங்கிலிருந்து அன்புக்கரசி வீட்டுக்கு இறங்கும் குழாய், அகிலா வீட்டுச் சுவருக்குள் போகிறது. அன்புக்கரசியின் முகத்தை நாங்கள் பார்க்காத மாதிரி பார்த்தோம்.

அகிலா பீரோவை நகர்த்திக் காட்டினாள். பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை. "எங்களுக்கும் ஈரந்தாங்கக்கா. சேந்து ஆளக் கூப்புடலாம்னு கீழ வந்தேன். உங்க வூட்டுக்காரரு தூங்கிகினு இருந்தாரு. தட்டாம திரும்பிட்டேன்."

சுல்தான் மறுபடி சுத்தியலை இறக்கினார். கீழேயிருந்து நெடுமாறனின் குரல் எழும்பியது.

"மேல் வூட்டுக்காரங்களுக்கு அறிவே கிடையாதா? நைட் ஷிப்ட் பாத்த மனுசன் தூங்க வேணாமா?"

எதிர் பிளாக் ஜன்னல்களில்கூடத் தலைகள் முளைத்தன. அன்புக்கரசி எங்களைப் பார்த்தாள், அகிலாவைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் மாவோடு சேர்த்துக் கொடுத்த அதே குரலில் கத்தினாள்:

"எழுந்து வந்து பாருங்க! இது நம்ம வூட்டு பைப்பு!"