மூன்று சதவீதம்

விஷ்ணுப்ரியா வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதத்திலிருந்துதான் ஹெப்சிக்கு மதியச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது.

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் ஹெப்சிக்குப் பதினோரு வருட வேலை. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி, தினமும் முதல் ஆளாக வந்து ஜன்னல்களைத் திறப்பவள் அவள்தான். எந்த இணையதளம் எந்தப் பழைய போனில் எப்படிக் கோணிக்கொள்ளும் என்பது அவளுக்கு மனப்பாடம். எந்தக் கூட்டத்தையும் முடிக்கும் முன் மேலாளர் ராஜகோபாலன், "ஹெப்சி, நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்பார். இப்போது அவர் பார்வை நேரே விஷ்ணுப்ரியாவிடம் போய் நின்றது.

அவளுக்கு இருபத்தாறு வயது. கெட்டிக்காரி. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் ஹெப்சி நிம்மதியாக வெறுத்திருப்பாள். அவளோ, "அக்கா, உங்க மீன் குழம்பு கொஞ்சம் குடுங்க, வாசனை இழுக்குது" என்று டப்பாவை நீட்டுகிறவளாக இருந்தாள். சிரித்துக்கொண்டே ஊற்றும்போது ஹெப்சிக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

ஜூன் மாதத்தில் ஒரு கூட்டம். பல்லாவரத்தில் இருக்கும் ஒரு கண் மருத்துவமனைக்கு, நோயாளிகள் டோக்கன் பதிவு செய்யும் தளத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அது எந்தெந்த ப்ரவுசர்களில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும்.

விஷ்ணுப்ரியா திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். "குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ், எட்ஜ். நாலுலயும் கடைசி ரெண்டு வருஷ வெர்ஷன் போதும் சார். அதைவிடப் பழசுல வர்றவங்க மொத்தமே மூணு சதவீதம்தான். அவங்களுக்காக நாம பாதி நேரத்தைச் செலவு பண்றோம்."

அந்தப் பாதி நேரம்தான் ஹெப்சியின் பதினோரு வருடம்.

மூன்று சதவீதம் தப்பு என்பது அவளுக்குத் தெரியும். வருகிறவர்களை எண்ணுகிற நிரல் மிகப் பழைய ப்ரவுசர்களில் ஓடவே ஓடாது. அதனால் அந்த போன்களில் வருகிறவர்கள் கணக்கில் விழுவதே இல்லை. வருகிற எல்லோரையும் விடாமல் குறித்துவைக்கும் சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் உண்மை தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஹெப்சி அதைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ராஜகோபாலன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இத்தனை வருஷத்துல இவ்ளோ தெளிவா யாருமே எனக்குச் சொன்னதில்ல ப்ரியா" என்றார். பிறகு, நினைவு வந்தவர்போல, "உனக்கு ஓகேதானே ஹெப்சி?"

"ஓகே சார்."

பண்ணிவிட்டுப் படட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அன்று வீடு போகும்வரை இனித்தது.

ஒரு திங்கட்கிழமை புதிய தளம் வெளியானது. வியாழன் காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. டோக்கன் எடுக்க முடியவில்லை என்று கூடத்தில் ஒரே சண்டையாம். ராஜகோபாலனின் முகம் சுண்டிப்போனது. விஷ்ணுப்ரியா அழுவாள் என்று ஹெப்சி காத்திருந்தாள்.

அவள் அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் நேர்ல போய்ப் பாக்கறேன் சார். அக்கா, நீங்களும் வரீங்களா?"

விஷ்ணுப்ரியாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஜி.எஸ்.டி. ரோட்டின் புகையில் ஹெப்சி பல்லாவரம் போய்ச் சேர்ந்தாள்.

கூடத்தில் ஓர் அம்மாள் போனை நீட்டிக்கொண்டு எழுந்து வந்தார். பெயர் செல்லம்மா, அனகாபுத்தூர்க்காரர். பக்கத்தில் அவர் கணவர் யேசுதாசன், அறுவை சிகிச்சை செய்த கண்ணைக் கைக்குட்டையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளா அமுக்கிகினே கீறேன், வெள்ளையாவே கீது. பெரியவருக்கு மருந்து வேற தீந்துபோச்சு. கண்ணுல தண்ணி வந்துகினே கீது. இன்னாம்மா பண்ணுவேன்?"

திரை விரிசல் விட்ட பழைய போன். அதில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

விஷ்ணுப்ரியா நர்சிடம் சண்டை போட்டு அவர்களுக்குக் கையால் ஒரு டோக்கன் எழுதி வாங்கினாள். பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் போய், "உங்க போனைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். தோற்கும்போதுகூட இவள் எப்படி இத்தனை அழகாகத் தோற்கிறாள் என்று அந்த நேரத்திலும் ஹெப்சிக்குப் பொறாமை எழுந்தது. அப்போது உள்ளே கூப்பிட்டார்கள். யேசுதாசன் எழுந்து, சுவர் எங்கே என்று கையைக் காற்றில் துழாவினார். ஹெப்சி எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள்.

விஷ்ணுப்ரியா திரும்பி வந்தாள். "நாப்பத்தோரு பேர்ல பதினஞ்சு பேர் போன் பழசு. எனக்கு எப்படிக்கா மூணு சதவீதம்னு காட்டுச்சு?"

"ரொம்பப் பழைய ப்ரவுசர்ல அந்த எண்ணுற நிரலே ஓடாது. அவங்க கணக்குல வரவே மாட்டாங்க."

"இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"இல்ல ப்ரியா. அன்னிக்கே தெரியும். சார் உன்னை அப்படிப் பாராட்டினாரு. எனக்குப் பொறுக்கல."

விஷ்ணுப்ரியா கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள். "என்னை எல்லார் முன்னாடியும் மூக்குடைச்சிருக்கலாம். பரவாயில்ல. இவங்க என்னக்கா பண்ணாங்க?"

ஹெப்சி அவள் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் அவள் ஒரு எளிய பக்கத்தை எழுதி முடித்தாள். பெயர், தேதி, ஒரு பொத்தான். அலங்காரம் ஏதுமில்லாததால் எந்த ஓட்டை போனிலும் திறந்தது. பிறகு ராஜகோபாலன் அறைக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஒரே வார்த்தையில், "போ" என்றார். அதற்குத் திட்டே மேலாக இருந்திருக்கும். டோக்கன் பக்கம் மட்டும் எல்லா போனிலும் ஓட வேண்டும், மற்றவற்றுக்கு ப்ரியாவின் பட்டியலே போதும் என்று முடிவானது.

சனிக்கிழமை செல்லம்மாவுக்குப் போன் செய்தாள். யேசுதாசனின் கண்ணில் கிருமி தொற்ற ஆரம்பித்திருந்ததாம். மருந்து மாற்றிக் கொடுத்ததில் கண் தெளிந்து வருகிறதாம். கேட்டுவிட்டு சமையலறையில் நின்று அழுதாள்.

ஆகஸ்டில் குழுத் தலைவர் பதவி விஷ்ணுப்ரியாவுக்குப் போனது. கேக் வெட்டினார்கள். ஹெப்சியும் கைதட்டினாள். வயிறு எரியத்தான் செய்தது. அது ஒரே மாதத்தில் அணைகிற தீயா என்ன? ஆனால் அடுத்த தளத்துக்கு ப்ரவுசர் பட்டியல் போட உட்கார்ந்த அன்று, யாரும் கேட்பதற்கு முன்பே அவள் சர்வர் பதிவேட்டைத் திறந்து விஷ்ணுப்ரியாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதைப் பாரு முதல்ல" என்றாள்.