மன்னரிடம் கேட்கக் கூடாதது

நம்பிக்கை வாக்கெடுப்பில் பிரதமர் ஹெக்டர் பெல்லமி தோற்றுப்போன நாளில், லண்டனில் பிரதமர் இல்லமான டவுனிங் தெருவில் அவருடைய தனிச்செயலாளராக இருந்தவள் நான். தேர்தல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத நாடாளுமன்றத்தில் அவர் தட்டுத்தடுமாறி ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சித் தலைவி பிலிப்பா ஹார்க்னஸ் ஒரு சிறு கட்சியைத் தன் பக்கம் இழுத்ததும் எல்லாம் முடிந்தது. வழக்கப்படி பெல்லமி அரண்மனைக்குப் போய் ராஜினாமா செய்ய வேண்டும். மன்னர் ஹார்க்னஸை அழைப்பார்.

சபையிலிருந்து திரும்பிய பெல்லமி கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க மோர்வென்னா. மன்னரைப் பாக்கணும்."

"ராஜினாமாவுக்கா சார்?"

"நான் ஏன் ராஜினாமா பண்ணணும்? சபையைக் கலைக்கச் சொல்லிக் கேக்கப்போறேன். இன்னொரு தேர்தல் வரட்டும். அந்தம்மா ஜெயிச்சுக் காட்டட்டும் பாப்போம்."

வண்டிக்குச் சொல்லப் புறப்பட்டேன். அடுத்த அறைக்குப் போவதற்குள் தொலைபேசி அடித்தது. மன்னரின் செயலாளர் லயனல் குவிக். பெல்லமி அடம்பிடிக்கிறார் என்ற பேச்சு அரண்மனைக்கும் எட்டியிருந்தது.

"உங்க ஆளு என்ன கேக்க வர்றார்?"

"ராஜினாமாக் கடிதம் இல்ல," என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கடவுளே! மன்னர் முடியாதுன்னா பாதி நாடு கத்தும். சரின்னா மீதி நாடு கத்தும். எதைச் சொன்னாலும் அவர் அரசியல்வாதி ஆயிடுவார். அந்தக் கேள்வியே வரக் கூடாது மோர்வென்னா. எப்படியாவது தடுங்க."

"என்கிட்ட என்ன அதிகாரம் இருக்கு லயனல்?"

"என்கிட்ட மட்டும் என்ன இருக்கு?"

நான் திரும்பிப் போனேன். பெல்லமி கண்ணாடி முன் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த நாற்காலிக்காக அவர் அரை ஆயுள் காத்திருந்தவர்.

"சார், தேர்தல் முடிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகாதப்ப, அடுத்த ஆட்சிக்கு ஆள் இருக்கிறப்ப, இப்படிக் கேக்குறது வழக்கமில்ல."

"வழக்கம்! நான் போகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? ஒரு வரி காட்டுங்க."

"இல்ல சார். எந்தச் சட்டத்துலயும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"போன தடவை மன்னர் உங்களைத்தான் கூப்பிடணும்னும் எங்கயும் இல்ல சார். நீங்க நெனச்சா மந்திரிங்களை மாத்துறீங்க, தளபதிங்க உங்க பேச்சைக் கேக்குறாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டதால நடக்குது. நீங்க இதை உடைச்சா, நாளைக்கு அந்தம்மா வேற ஒண்ணை உடைப்பாங்க. அப்புறம் இந்த வீட்டுல யார் பேச்சை யார் கேப்பா?"

அவர் முகம் சிவந்தது. "இத்தனை நாள் வாயே திறக்காத பொண்ணுன்னு நெனச்சேன். மிரட்டுறீங்களா?"

"கெஞ்சுறேன் சார்."

அவர் வெளியே நடந்தார். வண்டியில் நானும் ஏறினேன். வழி நெடுக அவர் என் பக்கம் திரும்பவில்லை. அரண்மனை வாசலில் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டது. ஆதரவா எதிர்ப்பா என்று புரியவில்லை.

அவர் உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது. வெளியறையில் லயனல் எனக்குத் தேநீர் ஊற்றினார். பாதி தட்டில் கொட்டியது.

"கேட்டுட்டார்னா?" என்றேன்.

"தெரியல. என் காலத்துல யாரும் அவ்வளவு தூரம் போனதில்ல."

வழக்கமாக ராஜினாமாவுக்கு அதிக நேரம் ஆகாது. தேநீர் ஆறிப்போனது. லயனல் எழுந்து ஜன்னல்வரை போவதும் வந்து உட்காருவதுமாக இருந்தார். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்தது. பெல்லமிக்குத் திடீரென்று வயது கூடிப்போனதுபோல் இருந்தது.

"கேக்கலை," என்றார் என்னிடம். "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. 'உக்காருங்க ஹெக்டர், இன்னைக்கு ரொம்ப கஷ்டமான நாள்'னார். அவர் கை நடுங்கிச்சு மோர்வென்னா. நான் என்ன கேக்கப்போறேனோன்னு அவருக்குப் பயம். அந்தக் கையைப் பாத்ததுக்கப்புறம் என்னால முடியலை. ராஜினாமா பண்ணிட்டேன்."

லயனல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முற்றத்தில் பெல்லமியின் மனைவி தங்கள் சொந்தக் காரோடு காத்திருந்தார். அரசு வண்டி இனி அவருக்கு இல்லை.

"நீங்க வரலையா?" என்றார் பெல்லமி.

"புதுப் பிரதமர் வர்றாங்க சார். நான் அங்க நிக்கணும்."

தலையாட்டினார். கை கொடுக்கவில்லை. கார் பக்கவாசல் வழியாக வெளியேறியது.

டவுனிங் தெருவில் ஊழியர்கள் கூடத்தின் இருபுறமும் வரிசையாக நின்றிருந்தார்கள். சிலருக்கு அழுது கண் சிவந்திருந்தது. ஹார்க்னஸ் உள்ளே வந்ததும் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானே மோர்வென்னா? நான் மொதல்ல என்ன செய்யணும்?"

சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மாடிக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, பெல்லமிக்காக அழுதேன்.