கார்பன் தாளில் பிடு

சேதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவன் அதைத் திருத்தாமல் இருக்க மாட்டான். ஏரியூரில் ஆற்று நீர்மட்ட ஆபீசில் இருபத்தாறு வருஷம் பியூனாக இருந்து நான் தெரிந்துகொண்டது அதுதான்.

அங்கே வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மேல் அணையில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்களா, திறந்துவிட்டார்களா என்கிற சேதி, ஆற்றோரம் மேல்துறைக் காவலில் இருக்கிறவனுக்கு வரும். அவன் எங்களுக்குப் போன் செய்வான். எங்கள் ரைட்டர் முனாப் அதைப் புத்தகத்தில் எழுதுவான். தேதி, மணி, அடி, நிலை என்று நாலு கட்டம். நிலை என்கிற கட்டத்தில் ஒரே ஒரு சொல். பிடி, இல்லாவிட்டால் விடு. விடு என்று வந்தால் ஓவர்சீயர் அந்த நிமிஷமே பரிசல் துறைக்குப் போன் போட்டுப் பரிசலை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

எழுதும்போது தாளுக்கு அடியில் கார்பன் இருக்கும். சாயங்காலம் நகலைக் கிழித்துக் கவரில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைப்பேன். மறுநாள் முதல் பஸ்ஸில் தருமபுரி டிவிஷன் ஆபீசுக்குக் கொண்டுபோவேன். எங்கள் ஆபீசில் எவன் எதைக் கிறுக்கினாலும் அங்கே ஒரு நகல் பத்திரமாக இருக்கும். இந்த ஏற்பாட்டை யோசித்தவன் எவனோ, அவனும் என்னைப் போல யாரையும் நம்பாதவன்தான்.

பஸ்ஸில் கவரைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அங்கே வாங்கி வைக்கிற தீர்த்தம்மாள் கையெழுத்துப் போடாமல் கொடுக்க மாட்டேன்.

"ஏங்க பெரியவரே, நான் என்ன உங்க கவரத் தூக்கிட்டு ஓடியா போயிடுவேன்?"

"ஓடறவங்க சொல்லிட்டா ஓடுவாங்க? போடும்மா கையெழுத்த."

எண்பத்து நாலாம் வருஷம் மாசியில் நஞ்சப்பன் மேல்துறைக்கு வந்தான். வீட்டில் கன்னடம் பேசுகிறவன். பிள்ளைகள் நாலும் பெண்கள். பத்து வருஷம் தினக்கூலியாகக் கிடந்து அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அடுத்த மாதமே ஓவர்சீயர் தர்மன் வந்தார். சொந்த ஊர் அதியமான்கோட்டை, சின்ன வயசு. ஒரு எழுத்து தப்பாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. டீக்கடைப் பலகையில் 'பண்' என்று இருந்ததைக் கரித்துண்டால் 'பன்' ஆக்கிவிட்டுத்தான் டீயே குடித்தார்.

ஆவணியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு நஞ்சப்பன் போன் செய்தான். முனாப் கேட்டு எழுதினான். தர்மன் எழுந்து வந்து பார்த்தார், மைப்பேனாவை எடுத்து ஏதோ செய்தார், போய் உட்கார்ந்தார். பரிசல் துறைக்குப் போன் போகவில்லை.

மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. நட்டாற்றில் பரிசல் கவிழ்ந்தது. ஏறியிருந்த அஞ்சு பேரையும் கரையிலிருந்தவர்கள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பரிசல்காரன் மாரியப்பனுக்குத்தான் கால் பாறையில் நசுங்கிப்போனது. தருமபுரி ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தர்மன் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பெரியவரே, அரக்கு வெச்சுட்டீங்களா?"

"வெச்சாச்சுங்க."

"ஒடைங்க. நகலை ஒரு தடவ பாத்துடறேன்."

"வெச்சது வெச்சதுதாங்க சார். ஒடைக்கறது தருமபுரிக்காரங்க வேலை."

"ஓவர்சீயர் நான் சொல்றேன்யா!"

"நீங்க சொல்றதாலதாங்க பயமா இருக்குது."

மறுநாள் கவர் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்தால் பஸ் நிறுத்தத்தில் நஞ்சப்பன் நிற்கிறான்.

"அண்ணா, நான் சொன்னேண்ணா. தண்ணி வருதுன்னு சொன்னேன். எம் பொண்ணுங்க மேல சத்தியம்."

"எல்லாரும்தான் சொன்னேம்பாங்க. தாளு சொல்லட்டும்" என்றேன். அவனையும் நான் நம்பவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு ராத்திரிச் சோறு சரியாக இறங்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தருமபுரியில் விசாரணை. சேலத்திலிருந்து பெரிய இன்ஜினியர் வந்திருந்தார். எங்கள் புத்தகத்தைத் திறந்து படித்தார்.

"மேல்துறையிலேர்ந்து 'பிடி'ன்னுதானே வந்திருக்குது? அணையில தண்ணி வுட்ட நேரத்துக்குப் பிடின்னு சேதி குடுத்தவன வேலையில வெச்சிருக்க முடியுமா?"

நஞ்சப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேலைநீக்க உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்துக்குத் தயாராக மேஜைமேல் இருந்தது.

"நகலப் பாருங்க சார்" என்றேன்.

தீர்த்தம்மாள் கொண்டுவந்து அரக்கை உடைத்தாள். நகலில் 'பிடு' என்று இருந்தது. முனாப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுகிறவன், அதனால் கார்பனில் விழுந்திருக்கிறது. மைப்பேனாவின் திருத்தம் மேல்தாளோடு நின்றுவிட்டது. மாட்டிக்கொண்டாய் என்று தர்மனைப் பார்த்தேன். அவர் மிரளவில்லை.

"அது எழுத்துப் பிழைங்க சார். பிடிக்குப் பதிலா பிடுன்னு எழுதிட்டான். நான்தான் புத்தகத்துல சரி பண்ணேன். நகல்லயும் சரி பண்ணலாம்னா பெரியவரு குடுக்கல."

"பிடியோ பிடுவோ, எல்லாம் ஒண்ணுதான்" என்று இன்ஜினியர் பேனாவைத் திறந்தார்.

ஒற்றைத் தாளை நம்பி நான் எதையும் முடிவு செய்ததில்லை. "மத்த நாளுத் தாளையும் பாத்துட்டுப் போடுங்க சார்" என்றேன். அவருக்கு எரிச்சல்தான். இருந்தாலும் பழைய நகல்களின் கட்டைப் பிரிக்கச் சொன்னார்.

படித்தவர்கள் சொல்லை ஒரே பார்வையில் விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வரும். விரலை வைத்துக் கூட்டினேன். "ஹி... டி. ஹிடி. இதுலயும் ஹிடி. இதுலயும் ஹிடிதான் சார்."

அதே தேதிகளுக்குப் புத்தகத்தில் எல்லாம் 'பிடி', மைப்பேனாவில்.

"என்னய்யா முனாப் இது?"

"அவரு ஹிடின்னாரு சார், நானும் எழுதுனேன். காதுல வுழறத எழுது, உம் புத்திய அதுல கலக்காதேன்னு பழைய ஓவர்சீயர் சொல்லிட்டுப் போனாருங்க."

தர்மன் மெதுவாகச் சொன்னார்: "முனாப் உருதுக்காரனாச்சே, அவன் நாக்குல அப்படித்தான் வருதுன்னு நெனச்சேன் சார்."

"போன்ல பேசுனது நஞ்சப்பனில்லீங்களா?" என்றான் முனாப்.

இன்ஜினியர் பேனாவை மூடினார். "ஆறு மாசமா ஹிடி சொன்னவன் அன்னைக்கு மட்டும் ஏன்யா பிடுன்னு சொன்னான்?" நஞ்சப்பனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லு."

நஞ்சப்பன் கையை முட்டியாக மூடிக் காட்டினான். "இது 'ஹிடி'ங்க, சாமி." விரல்களை விரித்தான். "இது 'பிடு'ங்க. நீங்க விடுன்னு சொல்றத எங்க வூட்ல பிடும்போம். நான் வந்ததுலேர்ந்து மேல தண்ணி வுட்டதே இல்லீங்க, அதான் மொதத் தடவ. பதட்டத்துல வூட்டுப் பேச்சு வந்துடுச்சுங்க."

தண்ணீரை விட்டுவிட்டார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். முனாப் அப்படியே எழுதியிருக்கிறான். ஒரு எழுத்தைச் சரி செய்து நாங்கள் அதைப் பிடித்துவைத்துவிட்டோம்.

இன்ஜினியர் உத்தரவைக் கிழித்தார். நஞ்சப்பன் சுவரோரமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. தர்மனிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். "விளக்கம் இல்லீங்க. திருத்துனது நான்" என்றார் அவர்.

பத்து நாளாக அவரைக் கள்ளன் என்றுதான் நினைத்திருந்தேன். கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும், மாரியப்பனைப் பார்க்கப் போகிறேன் என்றார் தர்மன். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிடுவார் என்று எனக்குச் சந்தேகம், கூடவே போனேன். உள்ளே போய்விட்டார். மாரியப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி காசியம்மாள் எழுந்து நின்றாள். தர்மன் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கத்தவில்லை. "ஒரு போனு போட்டுக் கேட்டிருக்கலாமில்லீங்க, சாமி?" என்றாள்.

தர்மன் தலை குனிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "லைனு சரியில்லம்மா அன்னைக்கு, ஒரே இரைச்சலு" என்றேன்.

தர்மன் என் தோளைத் தொட்டார்.

"இல்லீங்கம்மா. லைன் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கேக்கல."